உடைந்த திரையும் உயிர் பெற்ற கணினியும்

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டால் கடைக்கு எடுத்துச் செல்கிறோம். குடைக்கம்பி ஒடிந்தால் தெருவில் குரல் கொடுத்து வருகிறவரை நிறுத்தி மாற்றிக்கொள்கிறோம். மிதிவண்டியின் டியூப் பஞ்சரானால் வண்டியையே தூக்கி எறிந்துவிடுவார் எவரும் இலர். ஆனால் மடிக்கணினியின் திரை உடைந்துவிட்டால் மட்டும், "அவ்வளவுதான், போயிற்று" என்று பரணில் ஏற்றிவிடுகிறோம். உண்மையில் போனது என்ன, இருப்பது என்ன என்று ஆராய்ந்து பார்ப்பதில்லை. அவ்வாறு ஆராய நேர்ந்த எனது சிறு அனுபவத்தையும், அதன் வழியாகக் கற்ற விஞ்ஞானத்தையும் நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மில் பலருக்கும் இது தொலைவில் உள்ள செய்தி அன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயின்றோர்க்கும், அத்தகைய கல்லூரிகளில் பயின்றோர்க்கும் எல்காட் நிறுவனத்தின் மூலம் கணினிகள் வாங்கி வழங்கப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தன. இடையில் திட்டம் நின்றது. பின்னர் 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. புதியன வருவது மகிழ்ச்சியே. ஆனால் பழைய ஐம்பது இலட்சத்தில் எத்தனை இன்று பரணில் உறங்குகின்றன? அவற்றுள் எத்தனை, திரை ஒன்று போனதாலேயே உறங்குகின்றன?

நடந்தது என்ன?

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர். எங்கள் வீட்டுக் கணினி என் அக்காள் மேல்நிலை வகுப்பில் பெற்றது. மூடியில் கோபுர முத்திரையோடு வந்த அதை அவள் மணமாகிச் செல்லும்போது, "தம்பி படிப்புக்கு இருக்கட்டும்" என்று விட்டுச் சென்றாள். எனினும் அதை மிகுதியாகப் பயன்படுத்தியவர் என் அம்மாதான். அம்மா எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். பதினாறு பேருடைய சேமிப்பு, கடன், வட்டி, தவணை யாவற்றையும் முதலில் நோட்டில் எழுதி வந்தார். அக்காள் அதனைக் கணினியில் ஏற்றக் கற்றுக் கொடுத்த பிறகு, கடைசி இரண்டாண்டுக் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

ஓர் இரவு நான் படித்துவிட்டு, விசைப்பலகையின் மேல் கிடந்த பேனாவைக் கவனியாமல் மூடியை அழுத்தி மூடினேன். "மளுக்" என்று ஒரு சிறு ஓசை. திறந்து பார்த்தபோது திரையின் நடுவில் மை கொட்டியது போன்ற கறுப்பு. அதிலிருந்து நாற்புறமும் வண்ணக் கோடுகள். குற்றம் என்னுடையது. வெள்ளிக்கிழமை வங்கிக்கு இரண்டாண்டுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால்தான் பதினாறு பேருக்கும் அடுத்த கடன். அன்று திங்கட்கிழமை.

மறுநாள் மதுரைக்குச் சென்று ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்தார், திறந்து பார்க்கவில்லை. "போர்டும் போயிருக்கும் தம்பி. ஏழாயிரத்துக்கு மேல ஆகும். அதுக்குப் புதுசு வாங்கிடலாம். வேணாம்னா ஆயிரம் ரூபா தர்றேன், வச்சுட்டுப் போங்க" என்றார். கையில் பணமின்றி நின்ற எனக்கு அந்த ஆயிரமும் பெரிதாகத்தான் தோன்றியது. ஆனால் கணக்கு உள்ளே இருக்கிறதே! எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்துவிட்டேன்.

திரை வேறு, கணினி வேறு

எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "கண்ணாடி உடைந்தால் முகம் உடைந்துவிடுமா?" என்று கேட்டார். ஆய்வகத்தில் இருந்த பழைய மானிட்டரைக் காட்டி, அதன் கம்பியைக் கணினியின் பக்கவாட்டில் செருகச் சொன்னார். செருகி, விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தி, படத்தை வெளித்திரைக்கு மாற்றினோம். மானிட்டரில் அக்காள் வைத்திருந்த பின்னணிப் படம் பளிச்சென்று தோன்றியது. பத்து நிமிடத்தில் குழுக் கணக்கு முழுவதையும் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கணக்கு வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே முதற்பாடம் ஒன்று உண்டு. நம் எழுத்தும் படமும் கணக்கும் இருப்பது கணினியின் வன்தட்டில், திரையில் அன்று. திரை வெறும் சாளரம். சாளரக் கண்ணாடி உடைந்ததற்காக வீட்டை விற்பார் உண்டா? ஆகவே திரை உடைந்த கணினியை எவருக்கும் கொடுக்குமுன், வீட்டுத் தொலைக்காட்சியிலேனும் எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்துப் பாருங்கள். படம் தெளிவாக வந்தால் மதர்போர்டும் வன்தட்டும் நலமாக உள்ளன என்று பெரும்பாலும் நம்பலாம்.

திரைக்குள் இருப்பது என்ன?

இயற்பியல் ஆய்வகத்தில் போலராய்டு தகடுகள் இரண்டைக் கையில் வைத்து விளையாடியிருக்கிறோம். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஒளியைப் பார்த்தால் தெரியும். ஒன்றை மட்டும் 90 பாகை திருப்பினால் இருண்டுவிடும். முதல் தகடு ஒளியலைகளை ஒரே தளத்தில் அதிரவைக்கிறது. குறுக்கே நிற்கும் இரண்டாம் தகடு அத்தளத்து ஒளியைத் தடுத்துவிடுகிறது. மடிக்கணினித் திரையின் அடிப்படை இவ்வளவே.

குறுக்காக நிற்கும் இவ்விரு தகடுகளுக்கும் இடையில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே தடிமனுள்ள இரு கண்ணாடிகள் உள்ளன. அவ்விரு கண்ணாடிகளுக்கும் நடுவில் திரவப் படிகம் என்னும் பொருள், தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கே உள்ள மெல்லிய படலமாக நிரப்பப்பட்டிருக்கிறது. சாதாரண மடிக்கணினித் திரைகளில் இதன் மூலக்கூறுகள் சுழற்படிக்கட்டைப் போல் 90 பாகை முறுக்கி நிற்கும். வருகிற ஒளியும் அப்படிக்கட்டின் வழியே முறுகி, இரண்டாம் தகட்டைத் தடையின்றிக் கடந்துவிடும், புள்ளி ஒளிரும். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் முறுக்கு நீங்கி நிமிர்ந்து நிற்கும். ஒளி முறுகாது, இரண்டாம் தகடு தடுத்துவிடும், புள்ளி இருளும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒளியும் குறைந்து கூடும்.

எங்கள் கணினியின் திரையில் குறுக்காக 1366 புள்ளிகள், நெடுக்காக 768 வரிசைகள். பெருக்கினால் 10,49,088 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பகுதிகள். ஆக 31,47,264 சின்னஞ்சிறு ஒளிக் கதவுகள்! ஒவ்வொரு கதவுக்கும் காவலனாக ஒரு டிரான்சிஸ்டர் கண்ணாடியின்மேலேயே படியவைக்கப்பட்டுள்ளது. இத்தனையும் தாமாக ஒளிர்வன அல்ல. பின்னாலிருந்து வரும் வெண்ணொளியைத் திறந்தும் மூடியும் விடுவதே அவற்றின் வேலை. அந்தப் பின்னொளியை முன்பு பாதரச ஆவி நிரம்பிய மெல்லிய குழல் விளக்குகள் தந்தன, இன்று எல்.இ.டி. விளக்குகள் தருகின்றன.

பேனா செய்த கொலை இப்போது விளங்கும். மூடியை அழுத்தியபோது அரை மில்லிமீட்டர் கண்ணாடி விரிந்தது. திரவப் படிகம் நிலைகுலைந்து மைபோல் பரவியது. கண்ணாடியின்மேல் ஓடிய நுண்ணிய மின்பாதைகள் அறுந்ததால் கோடுகள் தோன்றின. இதை ஒட்டவைக்க எந்தப் பசையாலும் முடியாது. திரையை மாற்றுவது ஒன்றே வழி.

கேரட்டிலிருந்து கணினிக்கு

இவ்விந்தைப் பொருளைக் கண்டவர் மின்னியல் அறிஞர் அல்லர், ஒரு தாவரவியலார். 1888ஆம் ஆண்டு பிராகு நகரில் பிரெடரிக் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரியர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டெராலைக் கொண்டு செய்த கொலஸ்டெரில் பென்சோயேட் என்னும் பொருளைச் சூடாக்கினார். அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கலான திரவமாயிற்று. 178.5 பாகையில் கலங்கல் நீங்கித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? வியந்துபோன அவர், ஓட்டோ லேமன் என்னும் ஜெர்மானிய இயற்பியலாருக்கு எழுதினார். இடைப்பட்ட நிலையில் அது திரவம்போல் ஓடியது. படிகம்போல் ஒளியை நடத்தியது. திரவப் படிகம் என்னும் பெயர் இப்படிப் பிறந்தது.

அதன்பின் எண்பதாண்டுக் காலம் அது ஆய்வகத்து வேடிக்கையாகவே இருந்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் அதைக்கொண்டு செய்த காட்சித் திரையை அறிவித்தனர். 1970இல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் சாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் மேலே சொன்ன 90 பாகை முறுக்கு முறையைக் கண்டனர். கைக்கடிகாரமும் கால்குலேட்டரும் அதனால் வந்தன. பின்னர் மடிக்கணினியும் வந்தது.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய சிவராமகிருஷ்ண சந்திரசேகர், சர் சி.வி. இராமனின் சகோதரி மகன். அதுவரை கோல் வடிவ மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்று எண்ணியிருந்தனர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஆகும் என்று 1977இல் அவரும் சதாசிவா, சுரேஷ் ஆகிய உடன் ஆய்வாளர்களும் உலகுக்குக் காட்டினர். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கும் திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னாளில் ஒட்டப்பட்ட மெல்லிய படலங்களில் இவ்வகைத் தட்டுப் படிகங்கள் பயன்பட்டன.

நோய் எது என்று அறிதல்

மருந்து கொடுக்குமுன் நோயையும் அதன் காரணத்தையும் தேர வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய முறை. திரைக்கும் அதுவே முறை. திரை தெரியவில்லை என்பதெல்லாம் திரை போனதாகாது. கீழ்க்காணுமாறு சோதிக்கலாம்.

முதலாவது, மையும் விரிசலும் கண்ணுக்குத் தெரிந்தால் ஐயமில்லை, கண்ணாடி உடைந்திருக்கிறது. திரையை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, மேலிருந்து கீழாக ஓரிரு கோடுகள் மட்டும் அசையாமல் நின்றால், கண்ணாடியின் விளிம்பில் நெடுக்கு வரிசைகளுக்கு மின்குறி கொடுக்கும் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். இதற்கும் பெரும்பாலும் திரைமாற்றமே மருந்து.

மூன்றாவது, மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் விட்டுவிட்டு வந்தால், குற்றம் கீல் வழியே செல்லும் கேபிளில் இருக்கக்கூடும். திரையை மாற்றிப் பணத்தை வீணாக்கவேண்டாம். கேபிளைச் சரியாகச் செருகினாலோ, புதிய கேபிள் போட்டாலோ போதும்.

நான்காவது, திரை முற்றும் இருண்டிருந்தால் இருட்டறையில் வைத்து, டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் ஒளிக் கதவுகள் வேலை செய்கின்றன. பின்னொளி மட்டுமே இல்லை. போர்டில் உள்ள சிறிய பியூஸ், கேபிள், எல்.இ.டி. வரிசை ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கும்.

ஐந்தாவது, வெளி மானிட்டரிலும் அதே கோடுகளும் கலக்கமும் தெரிந்தால் நோய் திரையில் இல்லை; போர்டில் இருக்கிறது. அப்போது தேர்ந்தவரிடம் கொடுப்பதே நலம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூடினால் திரை அணைவதற்காகப் பல கணினிகளின் மூடியில் ஒரு காந்தமும் உடலில் அதை உணரும் கருவியும் உள்ளன. காந்தப் பூட்டுள்ள பையையோ ஒலிபெருக்கியையோ அருகில் வைத்துவிட்டு, "திரை போயிற்று" என்று அலறுவதும் நடப்பதுண்டு!

சரியான திரையை வாங்குதல்

இங்கேதான் நான் தவறினேன். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வேறொரு கடைக்குச் சென்று, கணினிக் கம்பெனியின் பெயரையும் "14 அங்குலம்" என்பதையும் மட்டும் சொல்லித் திரை வாங்கி வந்தேன். அளவு பொருந்தியது, கனெக்டர் பொருந்தவில்லை. என் கேபிளின் முனை ஒடுங்கியது; புதிய திரையின் வாய் அகன்றது.

காரணம் இதுதான். முற்காலத் திரைகள் எல்.வி.டி.எஸ். என்னும் முறையில் 40 பின் கனெக்டரோடு வந்தன. 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி. முதலிய கம்பெனிகள் 2013ஆம் ஆண்டுக்குள் அம்முறையை விட்டுவிடப்போவதாக அறிவித்தன. அதன்பின் ஈ.டி.பி. என்னும் முறை பரவியது. அதில் பெரும்பாலும் 30 பின். அரசு வழங்கிய கணினிகளிலும் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் ஒருவகையும் பிற்பட்டு வந்தவற்றில் மற்றொரு வகையும் இருக்கக் காணலாம். மாற்றிச் செருக முயன்றால் திரையோடு போர்டும் போகும். நல்லவேளை, நான் அழுத்திப் பார்க்கவில்லை. கடைக்கார அண்ணன் பெருந்தன்மையோடு திருப்பி எடுத்துக்கொண்டு, "முதல்ல பழைய திரையைக் கழட்டிக் கொண்டாங்க தம்பி. பேரு மேல மூடியில இல்ல, திரை முதுகுல இருக்கு" என்றார்.

ஆம், பழைய திரையின் முதுகில் உள்ள ஒட்டுச்சீட்டில் அதன் எண் அச்சிடப்பட்டிருக்கும். எழுத்துகளுக்கிடையே 140 என்றிருந்தால் 14.0 அங்குலம், 156 என்றிருந்தால் 15.6 அங்குலம். வாங்குமுன் ஒப்பிடவேண்டியவை ஐந்து: மூலைக்கு மூலை அளவு, புள்ளிகளின் எண்ணிக்கை, கனெக்டரில் எத்தனை பின் என்பது, கனெக்டர் இருக்கும் இடம், திருகு பூட்டும் காதுகள் மேலும் கீழுமா பக்கவாட்டிலா என்பது. சில புதிய வகைகளில் காதுகளே இல்லாமல் ஒட்டு நாடாவால் ஒட்டியிருப்பார்கள். இவை ஐந்தும் பொருந்தினால் வேறு கம்பெனியின் திரையும் பெரும்பாலும் பொருந்தும். எனக்குத் திரையின் விலை 3,400 ரூபாய் ஆயிற்று. அதில் பாதியை அம்மா கொடுத்தார். மீதியை நான் விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்தேன்.

கழற்றுதலும் பூட்டுதலும்

தேவையான கருவிகள் சில: கூட்டல் குறி முனையுள்ள சிறிய ஸ்குரு டிரைவர், பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்று, மெல்லிய பருத்தித் துணி, திருகுகளைப் போட்டு வைக்கக் கிண்ணம். பொறுமை மிகுதியாக வேண்டும்.

1. கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். பாட்டரி உள்ளே பதிந்திருந்தால் அடிமூடியைத் திறந்து அதன் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். இதனைச் சோம்பலால் விட்டுவிடலாகாது. திரைக்குச் செல்லும் கேபிளில் படக்குறிகள் மட்டுமல்லாமல், பின்னொளிக்காக 19 வோல்ட்டு அளவிலான மின்சாரமும் செல்லக்கூடும். மின்சாரம் இருக்கும்போதே கனெக்டரைக் கோணலாகச் செருகினால் பியூஸ் போகும். சில சமயம் போர்டே போகும்.

2. ஓர் இரும்புப் பொருளைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் விரிப்பின்மேல் உட்கார்ந்து வேலை செய்யவேண்டாம்.

3. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் மூலைகளில் சிறு ரப்பர் வில்லைகள் இருக்கும். அவற்றை ஊசியால் நெம்பி எடுத்தால் உள்ளே திருகுகள் தெரியும். கழற்றுங்கள்.

4. ஏ.டி.எம். அட்டையைச் சட்டத்தின் உள்விளிம்பில் நுழைத்து, மெல்ல மெல்ல நெம்பிக்கொண்டே சுற்றிவாருங்கள். 'டிக் டிக்' என்று கொக்கிகள் விடுபடும். கீலுக்கு அருகில் அவசரம் கூடாது. அங்கேதான் சட்டம் ஒடியும்.

5. திரையைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளைக் கழற்றி, விசைப்பலகையின்மேல் துணியை விரித்து, திரையை முன்பக்கமாக அதன்மேல் படுக்கவையுங்கள். கேபிள் இன்னும் பூட்டியே இருக்கும், ஆகவே இழுக்கவேண்டாம்.

6. கனெக்டரின்மேல் உள்ள ஒட்டு நாடாவை உரியுங்கள். மெல்லிய கம்பிப் பூட்டு இருந்தால் அதை நிமிர்த்துங்கள். பிறகு கனெக்டரைத் திரையின் தளத்துக்கு இணையாக, நேராக இழுத்துப் பிரியுங்கள். மேல்நோக்கி இழுத்தால் பின்கள் வளையும்.

7. புதிய திரையை அதே இடத்தில் படுக்கவைத்து, கேபிளை நேராகச் செருகி, பூட்டை மடித்து, நாடாவை ஒட்டுங்கள். சட்டத்தை மூடுமுன் பாட்டரியை இணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

உடைந்த கண்ணாடியிலிருந்து கசிவு இருந்தால் கையில் படாமல் பார்த்துக்கொண்டு, பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிகப் பழைய கணினியாயின், பின்னொளிக் குழலில் பாதரசம் உண்டு. அதை உடைக்கவே கூடாது.

அந்த ஒரு நிமிடம்

ஏழாம் படிவரை குறையின்றி வந்தேன். அம்மா எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, சிறு விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. அம்மாவின் பணம், என் பணம், அக்காள் விட்டுச் சென்ற பொருள் அத்தனையும் போயிற்றோ என்று எண்ணினேன். அம்மா, "பதறாதடா. எங்க விட்டுச்சுன்னு முதல்லருந்து பாரு" என்றார். குழுக் கணக்கில் ஐந்து ரூபாய் இடித்தாலும் அவர் செய்வது அதுதான்.

அணைத்தேன். பாட்டரியை மறுபடியும் கழற்றினேன். கனெக்டரைப் பார்த்தால் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றது. நேராக்கி, இரு பெருவிரல்களாலும் சமமாகத் தள்ளினேன். மீண்டும் பொத்தானை அழுத்தினேன். ஒளி வந்தது. அக்காளின் பின்னணிப் படத்தில், குழுவின் பதினாறு பெண்களும் ஆலமரத்தடியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தனர்.

பரணில் உள்ளவை

செய்தி ஊரில் பரவிற்று. மூன்று வீட்டார் தம் பரணிலிருந்து கணினிகளை இறக்கிக் கொண்டுவந்தனர். ஒன்றில் கேபிள் நழுவியிருந்தது மட்டுமே குறை. காசு செலவில்லாமல் சரியாயிற்று. இன்னொன்றுக்குத் திரை வாங்கவேண்டும், பணம் சேர்க்கிறார்கள். மூன்றாவதில் வெளி மானிட்டரிலும் படம் வரவில்லை. அது என் அறிவுக்கு அப்பாற்பட்டது என்று உள்ளபடி சொல்லிவிட்டேன். எல்லாம் பிழைக்கும் என்று நான் கூறவில்லை. பார்க்காமலே இறந்ததென்று முடிவு கட்டவேண்டாம் என்றே கூறுகிறேன்.

பழுது பார்ப்பது இன்று உலகமெங்கும் உரிமைப் பிரச்சினையாகவும் பேசப்படுகிறது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022ஆம் ஆண்டு பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. கழற்றிய பழைய திரையைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் சேர்ப்பதும் நம் கடமை. ஆனால் கழிவே ஆகாத ஒன்றைக் கழிவாக்காதிருப்பது அதனினும் முந்திய கடமையன்றோ?

நண்பர்களே! நம் கல்லூரிக்கு வருவோரில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நம் வீடுகளில் ஒரு கணினி கூடுதலாக உயிர் பெற்றால், ஒரு தங்கையின் பாடமோ, ஒரு தந்தையின் விவசாயக் கணக்கோ, ஒரு வேலைக்கான விண்ணப்பமோ அதன்வழி நடக்கும். இயற்பியல் துறையில் மாதம் ஒரு மாலை, ஒரு மேசை, ஒரு பழைய மானிட்டர், ஒரு டார்ச் விளக்கு, இவ்வளவு இருந்தால் போதும். கொண்டுவரும் கணினியின் நோய் எதுவென்று நாமே கண்டு சொல்லிவிடலாம். மானிட்டரைத் தர எங்கள் ஆசிரியர் இசைந்துவிட்டார். டார்ச் விளக்கை நான் கொண்டுவருகிறேன். பரணில் ஏறிப் பார்க்கும் வேலை மட்டும் உங்களுடையது.

ஏறும்போது ஒன்றை மறவாதீர்கள்: மூடியை மூடுமுன், உள்ளே பேனா இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்!